நாங்கூழும் மோட்டார்ப் பட்டறையும்

ஆடி அமாவாசை சமயத்தில் வத்திராயிருப்பைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். சதுரகிரியிலே கோயில் கொண்டிருக்கும் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிப்பதற்கு ஜனங்கள் திரள் திரளாக வந்து சேருகிறார்கள். தாணிப்பாறை அடிவாரம் வரையில் பஸ், கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று சகல வாகனங்களும் வருகின்றன. அதற்கு அப்பால் மனிதனுடைய கால்களே அவனுக்கு வாகனம். ஆனால் மலையேறும் மனிதனுக்கு மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே, அவனை ஏற்றி வந்த வண்டிக்குப் பல சமயங்களில் மூச்சு முட்டிப் போகிறது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பதற்குச் சாலையோரத்தில் மோட்டார்ப் பட்டறைகள் இருக்கின்றன. பக்தர்கள் மகாலிங்கத்துக்கு நன்றி செலுத்தும்போது இந்தப் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது நியாயந்தான்.

நாம் அங்கே சென்றது திருவிழாக் கூட்டமெல்லாம் அடங்கி, ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்த ஒரு காலை நேரத்தில். மேற்கே மலைத்தொடர் முகில் போர்த்து நின்றது. பிளவக்கல் அணைகளிலிருந்து வந்த தண்ணீர் வாய்க்காலில் சலசலத்தது. ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் தென்னந்தோப்பு. ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் 'வற்றாத இருப்பு' என்றே நமது காதில் விழுந்தது. இத்தகைய ஊரில் நாம் வந்த வண்டியின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று பால்கோவா வாங்கிக்கொண்டு இராஜபாளையம் போக வேண்டும் என்று நாம் போட்டிருந்த திட்டம் அத்துடன் நின்றது. இரண்டு மணி நேரம் ஒரு பட்டறையின் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. இந்த வாரம் எழுத வேண்டிய விஷயம் அங்கேதான் நமக்குக் கிடைத்தது.

பட்டறைக்காரர் நாற்பது வயது மதிக்கத் தகுந்தவர்; நல்ல கைத்திறன் உள்ளவர்; அதைவிட நல்ல மனம் உள்ளவர். இன்னொருவராயிருந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். இவரோ ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைத்தே சரிசெய்து விடலாம் என்றார். அவருக்கு உதவியாகப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பழைய பாட்டரிகள் ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில் தரையில் வழிந்து, மழைத் தண்ணீரோடு கலந்து, மயில் கழுத்து நிறம் காட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வாய்க்காலை நோக்கிச் சென்றது.

"தரை சிமெண்டுத் தரையா?" என்று கேட்டோம்.

பட்டறைக்காரர் சிரித்தார். "சிமெண்டா? வெறும் மண்ணுதான் ஐயா. எங்க அப்பா காலத்திலேயிருந்து ஆயில் குடிச்சுக் குடிச்சு இப்படி இறுகிப் போச்சு. தரை போடுற செலவு மிச்சம்!" என்றார்.

பக்கத்து வயலிலிருந்து முதியவர் ஒருவர் மண்வெட்டியுடன் வந்து நிழலில் நின்றார். அவர் சிரிக்கவில்லை. "அந்த மிச்சம் என் வரப்பிலே செலவாகுது தம்பி" என்றார். பிறகு நம்மைப் பார்த்து, "மழை விட்டா வரப்பு நெடுகப் புழு எரு உருண்டை உருண்டையாக் கிடக்கும் ஐயா. அந்தப் பக்கம் இப்பவும் கிடக்கு. இந்தப் பட்டறை ஓரத்திலே மட்டும் ஒண்ணுகூடக் காணோம்" என்று சொன்னார்.

நாம் எழுந்து சென்று பார்த்தோம். கிழவர் சொன்னது உண்மைதான். தொலைவில் வரப்பின்மேல் மண்புழு கக்கிய சிறு சிறு மண் உருண்டைகள் முத்துக் குவித்தாற்போல் கிடந்தன. பட்டறையின் ஓரத்தில் மண் ஓடு போல் இறுகியிருந்தது.

புழுவைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நம்மைவிடப் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு நாம் சொல்லும் சமாதானம். உலகப் பிரசித்தி பெற்ற சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் கடைசிப் புத்தகத்தை மண்புழுவுக்கே அர்ப்பணித்தார். 1881-ம் வருஷம் அக்டோபரில் அது வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார். தொட்டிகளில் புழுக்களை வளர்த்து அவற்றின் குணங்களை அவர் சோதித்தார். புழுவுக்குக் காது உண்டா என்று அறிவதற்காக அவருடைய புதல்வர் பாஸூன் என்ற குழலை ஊதிக் காட்டினார். புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோவின்மேல் வைத்துச் சுரத்தைத் தட்டியபோது, அதிர்ச்சியை உணர்ந்து வளைக்குள் ஓடிவிட்டது. இப்படியெல்லாம் வேடிக்கை போலச் செய்த ஆராய்ச்சியின் முடிவு வேடிக்கையானதல்ல. நல்ல தோட்ட மண்ணில் ஓர் ஏக்கருக்கு 53,767 புழுக்கள் இருக்கலாம் என்று ஹென்ஸன் என்ற ஜெர்மானிய அறிஞர் போட்ட கணக்கை டார்வின் எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் குடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்பதும் அவர் கண்ட முடிவு. கலப்பை தோன்றுவதற்கு முன்பே நிலத்தை உழுத உழவன் மண்புழு.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஈடான மரியாதை புழுவுக்குக் கிடைத்திருக்கிறது. டார்வின் நூல் வெளியாகிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1891-ல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்கள் தமது 'மனோன்மணீயம்' நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரத்தின் வாயிலாக நாங்கூழ்ப் புழுவை விளித்துப் பாராட்டியிருக்கிறார். நாங்கூழ் என்பது மண்புழுவுக்குப் பழந்தமிழ்ப் பெயர். இந்திய நாட்டில் பல்லாண்டு வேளாண்மை ஆராய்ச்சி செய்து, இந்தூரில் குப்பையைப் பொன்னாக்கும் எருமுறையை வகுத்த ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவரும், 1945-ல் டார்வினுடைய புழு நூலை மறுபடி அச்சிட்டபோது அதற்கு முன்னுரை எழுதினார். நமது காலத்தில் சென்னை டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் அயல்நாட்டுப் புழுக்களைத் தேடிப் போகாமல் நம் மண்ணிலேயே வாழும் புழுக்களைக் கொண்டு எரு தயாரிக்கலாம் என்று நிலைநாட்டி, ஊர் ஊராகச் சென்று குடியானவர்களுக்குப் போதித்து வந்திருக்கிறார். தென்னாட்டு வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் 'லாம்பிட்டோ மௌரிட்டி' என்னும் புழு அவற்றுள் ஒன்று. அது மேலும் கீழுமாக வளை தோண்டிக் காற்றுக்கும் மழைக்கும் வழி செய்கிறது, கூலி கேட்பதில்லை.

இத்தகைய தொழிலாளி பட்டறை ஓரத்தைவிட்டு ஏன் வேலை நிறுத்தம் செய்துவிட்டது?

முதற் காரணம் ஆயில். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலினாலேயே அது சுவாசிக்கிறது. அந்தத் தோலின்மேல் எண்ணெய்ப் பசை படிந்தால், மூக்கையும் வாயையும் ஒருங்கே பொத்தியது போலத்தான். இறுகிப்போன மண்ணில் வளை தோண்டவும் அதற்கு இயலாது. ஆயினும் எண்ணெயின் கேடு ஒரு காலத்தில் தீரக்கூடியது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பல வருஷங்களில் அதைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்துவிடும். தீராதது மற்றொன்று இருக்கிறது. அதுதான் உலோகம்.

பட்டறையில் உலோகம் இருப்பது இயல்புதானே என்று கேட்கலாம். ஸ்பானரும் போல்ட்டும் கண்ணுக்குத் தெரியும் உலோகங்கள். அவற்றால் தீமை இல்லை. நாம் சொல்வது கண்ணுக்குத் தெரியாமல் மண்ணோடு மண்ணாகக் கலக்கும் தூளை. எஞ்சினுக்குள் ஆயில் சுற்றிச் சுற்றி ஓடும்போது, தேய்கின்ற பாகங்களிலிருந்து இரும்பு, தாமிரம், காரீயம், குரோமியம் முதலியவற்றின் பொடியைத் தன்னுடன் சேர்த்துக் கொள்கிறது. தேய்மானத்தைத் தடுப்பதற்காக ஆயிலிலேயே துத்தநாகம் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். டயர் ரப்பரிலும் துத்தநாகம் உண்டு. துத்தநாகம் எங்கே இருக்கிறதோ அங்கே காட்மியம் என்ற கொடிய உலோகம் அதன் நிழல் போல் சிறிதளவு தொடரும். பிரேக் கட்டைகள் தேய்ந்து தாமிரத் தூள் உதிர்கிறது. மோட்டார் வர்ணங்களில், அதிலும் மஞ்சள் வர்ணத்தில், காரீயமும் குரோமியமும் சேர்வது உண்டு. வீடுகளுக்குப் பூசும் வர்ணத்தில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-ல் மத்திய சர்க்கார் விதி செய்தார்கள். ஆனால் அந்த விதி வீட்டு வர்ணத்துக்கே உரியது.

இவற்றுள் காரீயத்தைப் பற்றி நமது வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதாவது ஆனதாக இருக்க வேண்டும். பாட்டரியிலும் ரேடியேட்டர் பற்றவைப்பிலும் இருப்பது காரீயம். முன்னது சமையலறைக்கு உரியது, பின்னது விஷம். ஒரு மோட்டார் பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயந்தான்.

பாட்டரிகளைத் தவிர, காரீயம் பல்லாண்டு காலம் பெட்ரோல் வழியாகவும் வந்தது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜிலி என்பவர், காரீயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். 1924-ல் அதைத் தயாரித்த நியூஜெர்ஸி தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் ஐவர் சித்தப் பிரமை கொண்டு மாண்டார்கள். அப்படியும் உலகம் விழித்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் நாட்டில் 1995-ல் நான்கு மாநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் வந்தது; 2000-ம் வருஷம் பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதற்கும் அதுவே ஆயிற்று. கடைசியாக அல்ஜீரியா தேசம் 2021-ல் நிறுத்தியதும் உலகெங்கும் மோட்டார்களுக்குக் காரீயப் பெட்ரோல் ஒழிந்தது. மிகவும் நல்ல காரியந்தான். ஆனால் "எங்க அப்பா காலத்திலேயிருந்து" என்று நமது பட்டறைக்காரர் சொன்னாரே, அந்த வார்த்தையை இங்கே நினைத்துக் கொள்ள வேண்டும். காரீயம் மண்ணைப் பற்றினால் எளிதில் ஆழத்தில் இறங்குவதில்லை. மேல் மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். பெட்ரோல் மாறியது, மண் மாறவில்லை. தகப்பனார் சிந்தியதன்மேல் மகன் நின்று வேலை செய்கிறார்.

மண்ணைத் தின்று வாழும் பிராணி, மண்ணில் உள்ளதையும் தின்றுதானே ஆக வேண்டும்? 1973-ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர் மண்ணையும் புழுக்களையும் எடுத்துச் சோதித்தார்கள். காரீயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் ஆகிய நான்கும் புழுக்களின் உடலில் காணப்பட்டன. சாலையை விட்டு விலக விலக அளவு குறைந்துகொண்டே போயிற்று. நைஜீரியாவில் மோட்டார் பழுது பார்ப்போரை ஒரே இடத்தில் குடியேற்றி 'மெக்கானிக் கிராமம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அக்கிராமங்களின் மண்ணிலும் இதே உலோகங்கள் சுற்றுப்புறத்து மண்ணைக் காட்டிலும் மிகுந்திருப்பதை அந்நாட்டு அறிஞர்கள் பலமுறை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

விந்தை என்னவென்றால், புழு உடனே செத்துப் போவதில்லை. அதன் குடலைச் சூழ்ந்து மஞ்சள் நிறமான ஒரு சதைப் படலம் உண்டு. உள்ளே வந்த விஷ உலோகத்தை அந்தப் படலம் பிடித்துச் சிறு மணிகளாகக் கட்டி, ஒருவிதமான புரதத்தோடு பிணைத்து, சிறையில் அடைத்தாற்போல் வைத்துக் கொள்கிறது. இந்த யுக்தியினால் புழு பிழைக்கிறது. ஆனால் சிறைக்கூடம் நிரம்பிக்கொண்டே வரும். காட்மியத்தைப் பொறுத்தவரையில் மண்ணில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகமாகப் புழுவின் உடலில் சேர்ந்துவிடும். அந்தப் புழுவைக் கோழி கொத்துகிறது, மைனா கொத்துகிறது, கொக்கும் மயிலும் கொத்துகின்றன. புழு பூட்டி வைத்ததைப் பறவை திறந்துவிடுகிறது. தாமிரமோ புழுவுக்கே பெரும் பகை. இங்கிலாந்தில் ஆப்பிள் தோட்டம் ஒன்றில் பல்லாண்டுகள் தாமிர மருந்து தெளித்ததில் மண்புழு அற்றுப் போயிற்று. உதிர்ந்த இலைகளை மண்ணுக்குள் இழுத்துச் செல்ல யாரும் இல்லாமல், அவை மட்காமல் மெத்தை போல் நிலத்தின்மேல் கிடந்தன. உழவன் ஊரைவிட்டுப் போனால் வீடு எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது நிலம்.

ஆகையால், கிழவர் வரப்பில் புழு எருவைக் காணோம் என்று சொன்னது வெறும் புலம்பலன்று. அது ஒரு தந்தி. மண்புழு நமக்கு முன்பே அந்த மண்ணைச் சோதித்துப் பார்த்து, இது வசிக்கத் தக்கதல்ல என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

புழுவின் தீர்ப்பு மனிதருக்கும் பொருந்துமா என்றால், பொருந்தும் என்பதற்கு உலகத்தில் துயரமான சாட்சிகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் செனெகால் தேசத்துத் தலைநகரான டக்காருக்கு அருகே தியாரோயெ என்னும் ஊரில், பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் நடந்து வந்தது. காரீயத்தின் விலை ஏறியதும், மண்ணில் புதைந்த துகள்களையும் ஏழை ஜனங்கள் தோண்டிச் சலித்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. நம் நாட்டுக்கும் இந்த விஷயம் அந்நியமானதன்று. கொடைக்கானலில் உஷ்ணமானி செய்த தொழிற்சாலையின் பாதரசக் கழிவு, 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கண்ணாடித் தூளோடு கிடக்கக் கண்டுபிடிக்கப்பட்டது. இராணிப்பேட்டையில் மூடிப்போன தொழிற்சாலை விட்டுச் சென்ற குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. அவை பெரிய ஆலைகள். பத்திரிகைகளில் பெயர் அடிபட்டன. சாலையோரப் பட்டறை சிறியது. அதன் பெயர் எங்கும் அடிபடாது. ஆனால் அத்தகைய பட்டறை இல்லாத ஊர் நம் நாட்டில் எது?

காரீயத்துக்கு 'இவ்வளவு வரையில் தீங்கில்லை' என்று சொல்லக்கூடிய எல்லையே கிடையாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. அதிலும், உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக் கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது, படிப்பு ஏறாமல் செய்கிறது, இரத்தத்தைக் குறைக்கிறது. 2020-ல் யூனிஸெப் ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையில், அபாயகரமான அளவு காரீயம் இரத்தத்தில் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பையன் மக்கு என்று வாத்தியார் சொன்னால், பிரம்பை எடுப்பதற்கு முன் அவன் விளையாடும் மண்ணையும் ஒரு கை அள்ளிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னதனால் பட்டறைக்காரர்கள்மீது நமக்குக் கோபம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. உண்மையில் அவர்களே தேசத்தின் சிக்கனத்தைக் காப்பவர்கள். பழுதானதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்று உபதேசிக்கும் இந்தக் காலத்தில், பழுதைச் சரிசெய்து இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று சொல்லுகிறவர்கள் அவர்கள்தாம். வத்திராயிருப்பிலிருந்து அதிகத் தொலைவில்லாத தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, மகாத்மாவின் நினைவு நாளிலேயே மறைந்தார் ஜே. ஸி. குமரப்பா. பூமியிலிருந்து தோண்டியெடுக்கத் தீர்ந்துபோகும் செல்வம் ஒன்று. இயற்கையில் சுழன்று சுழன்று தீராமல் வரும் செல்வம் மற்றொன்று. பின்னதன்மேல் கட்டிய வாழ்வே நிலைக்கும் என்பது அவர் போதித்த பொருளாதாரம். பெட்ரோலும் காரீயமும் முதல் வகை. மண்ணும் புழுவும் இரண்டாம் வகை. தீர்ந்துபோவதைக் கொண்டு தீராததைக் கெடுத்துக் கொள்வது என்ன வியாபாரம்?

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறோம். அவை பெரும் செலவுள்ளவை அல்ல.

பட்டறைக்காரர் ஆயில் இறக்கும்போது அடியில் ஒரு தகரத் தட்டு வைக்கட்டும். இறக்கிய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து மூடி, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே கொடுக்கட்டும். கழிவு ஆயிலை அப்படித்தான் சேர்க்க வேண்டும் என்பது இன்று சட்டமாகவும் இருக்கிறது. புது ஆயில் விற்கும் கம்பெனிகளே பழைய ஆயிலைத் திரும்பச் சேர்ப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விதி அமலில் உள்ளது. பழைய பாட்டரியை உடைக்கவே கூடாது. அமிலத்தைத் தரையில் கொட்டவும் கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக் கொள்கிறார்கள். 2022-ன் பாட்டரிக் கழிவு விதிகளும் அதையே விரும்புகின்றன. வேலை செய்யும் அளவுக்காவது சிமெண்டுத் தரையும், மழைத் தண்ணீர் உள்ளே புகாதபடி ஒரு சிறு மேடும் இருந்தால் வாய்க்கால் தப்பும். சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், பட்டறை உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பதும் காசில்லாத வைத்தியம்.

குடியானவர், பட்டறை ஓரத்து நிலத்தில் கீரையும் கிழங்கும் பயிரிடாதிருப்பது நல்லது. கீரையின்மேல் படிந்த காரீயத் தூசியைக் கழுவிப் போக்கலாம். வேர் வழியாக உள்ளே ஏறிய காட்மியத்தைக் கழுவ முடியாது. புளித்த மண்ணாயிருந்தால் சுண்ணாம்பும், எங்கும் தொழு எருவும் இடுவதால் உலோகங்கள் மண்ணோடு இறுகிப் பயிருக்கு ஏறுவது குறையும். வெட்டிவேர் இவ்வித மண்ணிலும் தழைத்து, உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்தி, மண் அரித்துப் போகாமல் காக்கும். ஆனால் அந்த வேரைக் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள்! அதுபோலவே, மண்புழுவை விட்டால் விஷமெல்லாம் எருவாகிவிடும் என்று நம்பிப் பட்டறை மண்ணில் புழு எரு தயாரிக்க முயல்வதும் தவறு. புழு குப்பையை மாற்றும். உலோகத்தை அழிக்க அதனால் ஆகாது.

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு தொட்டியை நடுவில் அட்டையால் தடுத்து, ஒரு பாதியில் வயல் மண்ணும் மறுபாதியில் சந்தேகத்துக்குரிய மண்ணும் ஒரே ஈரத்தில் போடுங்கள். அட்டையை எடுத்துவிட்டு நடுவில் பத்துப் புழுக்களை விடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி தடுத்து எண்ணுங்கள். எட்டுக்கு மேல் வயல் மண் பக்கம் போயிருந்தால், மறுபக்கத்து மண் வாழத் தகுதி குறைந்தது என்று பொருள். மேல்நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளிலும் இந்தச் சோதனையே நடைபெறுகிறது. புழுவை விரட்டியது ஆயிலா உலோகமா என்று இது சொல்லாது. அங்கே ஏதோ சரியில்லை என்று சொல்லும். எது என்று கண்டுபிடிப்பது சர்க்காரின் கடமை.

அந்தச் சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், குடியானவனின் நிலத்தைப் பன்னிரண்டு அம்சங்களில் சோதித்து அட்டை கொடுக்கிறார்கள். மிகவும் சிறந்த திட்டம். அதில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு. ஆனால் அவை பயிருக்குப் போதுமா என்று பார்ப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை. காரீயமும் காட்மியமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. எல்லா வயலுக்கும் வேண்டாம். பட்டறைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் அடுத்த வயல்களுக்காவது இவ்விரண்டையும் சேர்த்துச் சோதித்தால் என்ன? மாசுற்ற நிலங்களைக் கண்டறிந்து சீர்ப்படுத்துவதற்கென்று 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய ஆலைகளைத் தேடிக்கொண்டு போகும் அதிகாரிகள் வழியில் வேப்ப மரத்தடியிலும் சற்று நிற்கட்டும். பட்டறைக்காரர்களுக்குத் தரை போடச் சிறு கடன் கொடுத்தால், அபராதத்தைவிட அது அதிகப் பலன் தரும்.

கடைசியாக, நாம் ஒளிக்க விரும்பாத ஒரு விஷயம். ரேடியேட்டர் சரியானதும், பட்டறைக்காரர் கொல்லைப் பக்கம் சென்று ஒரு கட்டுத் தண்டுக்கீரை பிடுங்கிக்கொண்டு வந்தார். "நம்ம தோட்டத்துக் கீரை ஐயா. வண்டி கழுவுற தண்ணியிலேயே வளருது. வீட்டிலே பிள்ளைகளுக்குத் தினமும் இதுதான். நீங்களும் கொண்டு போங்க" என்றார். கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொண்டதோடு, அன்பாகக் கீரையும் கொடுக்கிற மனிதரிடம் என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லத் தைரியமும் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டில் அந்தக் கீரை சமைக்கப்படவில்லை. அங்கே அவருடைய வீட்டில் அன்று இரவும் சமைத்திருப்பார்கள் என்ற நினைவு வந்ததும், நமக்குச் சோறு இறங்கவில்லை.

மனம் நோகக் கூடாது என்று உண்மையை மறைப்பது மரியாதையாகாது. ஆகவே இந்த இதழ் அச்சானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நாமே வத்திராயிருப்புக்குப் போகப் போகிறோம். கூடவே ஒரு பெரிய தகரத் தட்டும், சாலையை விட்டு விலகி அவர் வீட்டு முற்றத்தில் புதிய பாத்தி போடுவதற்கு நல்ல வண்டல் மண் நான்கு மூட்டையும், ஒரு பொட்டலம் கீரை விதையும் கொண்டு போவதாக உத்தேசம். அவர் கோபித்துக் கொண்டாலும் சரியே. கோபம் தணிந்த பிறகு, வரப்பில் நிற்கும் அந்த முதியவரையும் அழைத்து, மூவருமாகத் தரை போடும் செலவைக் கணக்குப் பார்ப்போம்.